ஆறு பேர் சேர்ந்தால் ஓடம் இறங்கும்

யூரோப்பா பனித்தளம். பதிபவர்: இளவேனில், வரிசைக் கட்டுப்பாட்டு அறை.

மார்ச் 9, 08:10
தளத்திலிருந்து தாய்க்கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச்செல்ல இரண்டு ஓடங்கள். ஒன்று வேகமானது. மற்றது மெதுவானது, எரிபொருளையும் குடிக்கும். வேக ஓடம் சும்மா நிற்கக் கூடாது. ஆறு பேராவது காத்திருந்தால்தான் மெது ஓடம் இறங்க வேண்டும். நானும் ஃபெலிக்ஸும் ஓராண்டு கணக்குப் போட்டுக் கண்ட விதி இது. அவன் இப்போது கப்பலில். இன்று இருவர் விடுப்பில் போனார்கள். வேறு செய்தி இல்லை.

மார்ச் 10, 14:40
பனித்தரை பிளந்துவிட்டது. குடியிருப்பில் காற்று கசிகிறது. இறங்குதளத்தில் எட்டுப் பேர். காற்று குறைவாக இருப்பவர்களுக்கு வேக ஓடத்தில் முதலிடம் கொடுத்தேன். துளைப்பொறி ஓட்டும் மரியபுஷ்பம் முதலில். மெது ஓடமும் தயாராகிறது, நான்கு மணி நேரமாகும்.

16:05
வேக ஓடம் பனி மாதிரிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முன்னுரிமையை மாற்ற என்னையும் ஃபெலிக்ஸையும் தவிர யாராலும் முடியாது. ஃபெலிக்ஸிடம் கேட்டேன்.
"மேலிடத்து உத்தரவு. ஆளுங்க அடுத்த நடையில."

17:50
அடுத்த நடை வரவில்லை. மரியபுஷ்பம் காற்று தீர்ந்து இறந்துவிட்டாள். இன்னும் இருவரும். வரிசை ஐந்தாகக் குறைந்ததால் மெது ஓடம் ரத்தாகிவிட்டது. என் விதிதான். எண்ணைக் குறைக்கப் பார்த்தேன். கப்பல் என் கட்டளையை ஏற்கவில்லை.

18:20
ஃபெலிக்ஸ்: "உன் அனுமதியைத் தலைமை எடுத்துட்டாங்க. ஆனா விதி ஓடிட்டுதான் இருக்கு. நீயும் போய் வரிசையில நில்லு, ஆறாயிடும். ஓடம் தானா இறங்கும். என்னை நம்பு."
என் அறை பிளவுக்கு இக்கரையில். தனிக் காற்று இருக்கிறது. உடையில் மிஞ்சியிருக்கும் காற்றில் அவர்களால் இங்கே ஏறி வர முடியாது. கயிற்றைப் பிடித்து நான் போகலாம். திரும்பி வர உடையில் காற்றிருக்காது. நம்புகிறேன். போகிறேன்.

19:35, இறங்குதளம்
கைத்திரை:
காத்திருப்போர் ஆறு.
தேவை ஏழு.

19:41
ஃபெலிக்ஸ்: "எரிபொருள் பத்தாது, இளவேனில். நாங்களும் ஊர் திரும்பணும். அந்த அறையில இருந்திருந்தா நீ பூமிக்குச் செய்தி அனுப்பியிருப்ப."
அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

19:50
சமையல்கூடத்துப் பரிமளா என் கையைப் பிடித்திருக்கிறாள். "ஓடம் கிளம்பிடுச்சா அக்கா?"
கிளம்பிடுச்சு என்றேன். பொய் இல்லை. மேலே கப்பலின் விளக்கு நகர்ந்து