மல்கிரேவில் தசமி

19 ஜூன் 1977, ஞாயிறு

அவருடைய முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்த்தாயிற்று என்று மகன் சிறி அறிவித்தான். யாழ்ப்பாணத்துக் கலண்டரில் தகப்பன் இறந்த திகதியைத் தேடி, அதற்கு நேரே ஏகாதசி என்று படித்திருக்கிறான். பொறியியலாளன்! அவர் மூச்சு நின்றது மெல்பேர்னில், விடியுமுன். அந்நேரம் யாழ்ப்பாணத்தில் முதல்நாள் இரவு. ஆகவே தேய்பிறைத் தசமி. இவ்வாண்டு அது இங்கே ஜூலை பதினொன்று, திங்கள்.

திதியில் எனக்கு நம்பிக்கை உண்டா? தெரியாது. கணிதம் படித்தவளுக்குப் பிழையான விடை பொறுக்காது, அவ்வளவே.

அவ்வளவேதானா? பிள்ளை தகப்பனை அவருக்குரிய நாளில் நினைக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

22 ஜூன்

“திங்கட்கிழமை ஆரம்மா லீவு எடுத்துக்கொண்டு வருவினம்? பதினேழாந் திகதி ஞாயிறு வைப்பம். ஆனந்தராஜா அங்கிளும் ப்ரீ.”

மெல்பேர்னின் இந்த மல்கிரேவில் கோயிலுமில்லை, ஐயருமில்லை. தேவாரம் தெரிந்த கணக்காளர் ஆனந்தராஜாவே எங்கள் குருக்கள்.

“அப்ப ஏன் கலண்டரைப் பாத்தனீ?”

“சும்மா, ஒரு ஐடியாவுக்கு.”

ஐடியா!

11 ஜூலை, திங்கள்

எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தனியே சமைத்து, வாழையிலை கிடைக்காததால் எவர்சில்வர் தட்டில், அவர் படத்தின் முன் படைத்தேன். கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிவிட்டது. அவர் இருந்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்.

17 ஜூலை, ஞாயிறு

திவசம் அமோகம். வீடு நிறைய ஆட்கள், வீட்டுவிலை பேசினார்கள். மருமகள் சந்திரவதனா என் காதருகே வந்து, “மாமி, முகத்தைக் கொஞ்சம் சிரிச்சமாதிரி வையுங்கோ, ஆக்கள் பாக்கினம்” என்றாள். திவசத்துக்குச் சிரித்த முகம்! போகும்போது யாரோ ஒரு பெடியன், “நல்ல பங்ஷன், அன்ரி.” நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

4 ஜூன் 1978

“இந்த முறை ஜூலை ஒன்பது ஞாயிறு. ஓகேயா, அம்மா?”

“ஓம்.”

வாதத்துக்கு ஆயத்தமாக நின்றவன், பாவம், ஏமாந்துபோனான்.

30 ஜூன், வெள்ளி

கடுங்குளிர். சிறி வேலையால் வரும்போது மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீனா என்று கேட்க வாயெடுத்தேன். பொட்டலம் சூடாக இருந்தது. நானும் தின்றேன்.

2 ஜூலை, ஞாயிறு

பொழுது போகவில்லை. இவ்வாண்டுத் தசமி எப்போதென்று கணக்கிட்டுப் பார்த்தேன்.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழையில்லை.