ஆறு ஆளுக்கு மழைப்போர்வை

மார்கழி 3, வியாழன்

விடாத தூறல். துவைத்த கால்சட்டை காயவில்லை. துரை கூப்பிட்டார். ஞாயிறன்று அவரும் விருந்தாளிகளும் லேடாங் மலை ஏறுகிறார்களாம். மூட்டை தூக்க நம் ரப்பர் தோட்டத்துக் கூலிகள் ஆறு பேர், மலாய் பேச, கணக்கெழுதும் கிராணி நான். உத்தரவு தமிழிலேயே: “ஆறு ஆளுக்கு மழைப்போர்வை வாங்கு.” கூலிக்கு மழைப்போர்வையா? நம்ப முடியவில்லை.

கங்காணி தந்த பட்டியலில் முனியன். மலேரியாவில் கிடந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள். பெயரை அடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

“அடிச்சிடாதீங்க கிராணி ஐயா. சீக்காளின்னு எழுதினா ஊருக்குக் கப்பல் ஏத்திடுவாங்க. பொண்டாட்டிக்கு ஏழு மாசம்ங்க.”

உண்மை. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. உடம்பு இருக்கும்வரை உறிஞ்சு, பிறகு கப்பல்.

மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரைக் கேட்டேன். “நனையாம இருந்தாப் போகட்டும்.” நனையமாட்டான், நான் பொறுப்பு என்றேன்.

மார்கழி 4, வெள்ளி

மூவார் டவுன். சீனர் கடை. மூன்று வகை.
ரப்பர் பூசியது: கனம். உள்ளே வேர்த்தே நனைந்துவிடும்.
மெல்லிய துணி: ஒரு பிரம்பு முள் போதும், கிழிய.
எண்ணெய்த் துணி: நாற்றம். வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், இறங்கவில்லை.

எண்ணெய்த் துணியே. நீளம் முழங்கால் வரை, அதற்குக் கீழே போனால் வேரில் சிக்கும். முதுகு மூட்டையும் மூடும்படி பின்பக்கம் அகலம் வைத்து, நாளை காலைக்குள் தைக்கச் சொன்னேன். கடைக்காரத் தவுக்கே மலாயில் சொல்லிச் சிரித்தார்: “அலமாக்! யாருக்கு, யானைக்கா?”

மார்கழி 5, சனி

தலைவலி. முனியனுக்குப் போட்டுப் பார்த்தோம். “கூனனுக்குத் தைச்ச மாதிரி இருக்குதுங்க.” கங்காணி: “துரை மாதிரி நடடா பாப்போம்.” நடந்து காட்டினான். கூலி வீட்டு லயமே சிரித்தது.

மார்கழி 6, ஞாயிறு

மலையடிவாரம். கொட்டும் மழை. ஆட்கள் போர்வைக்குள் தலையை நுழைக்கும் நேரம், துரை கத்தினார்.

“அது எங்களுக்கு! ஆறு ஆள்னு சொன்னேன். நாங்க ஆறு ஆள்!”

தோட்டத்தில் ஆள் என்றால் கூலி. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் ‘ஆள் எத்தனை’ என்று கேட்டால் எந்தத் துரையையும் சேர்த்து எண்ணியதில்லை. மழைக்கு மட்டும் இவரும் ஆள்.

வெள்ளைக்காரர் ஆறு பேரும் போட்டுக்கொண்டார்கள். பாதி வழியில் ஒரு துரைசாணி நாற்றம் தாங்காமல் கழற்றினாள். முனியனுக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. “துரை, அதை இவனுக்குக் கொடுக்கலாமா?” என்றேன்.

“பாட்டுப் பெட்டி நனையும்.” கிராமபோன் பெட்டிமேல் போர்த்தினார். அந்தப் பெட்டியைச் சுமந்ததும் முனியன்தான்.

என் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்கும் குளிர்.

மார்கழி 9, புதன்

மழை விட்டது. முனியன் காலையில் செத்தான். பெரட்டு வழக்கம்போல் நடந்தது.

அவன் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அழவில்லை.

“கூடவே போனீங்களே ஐயா. ரொம்ப நனைஞ்சாருங்களா?”

“கொஞ்சம்” என்றேன்.