கூனக்கரட்டுப் பல்லி

போத்தனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

யாஸ்மின் எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நலம். தோஹாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றீர்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடி ஏறி ஏசி மாட்டாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "சரி, விடு" என்பீர்கள். அந்த இரண்டு சொல்லில் நான் அழுதுவிடுவேன். அழுதுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை இது. பக்கத்து வீட்டு நஸ்ரியாவின் அண்ணன் வெள்ளிக்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறார். மாமி போட்ட நெல்லிக்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முதலில் படியுங்கள், ஊறுகாயைப் பிறகு திறக்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலேஜில் எனக்கு வருவதாக இருந்த நிரந்தர வேலை வராது. அவர்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். அந்த வேலையை நம்பித்தான் அடுத்த வருஷம் நீங்கள் ஊர் திரும்புவதாகவும், ஸ்டேஷன் பக்கம் ஏசி சர்வீஸ் கடை போடுவதாகவும் பேசி வைத்திருந்தோம். அதை மறந்துபோய் நான் இதைச் செய்யவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேதான் செய்தேன்.

காரணம் நம்முடைய பல்லி.

நம்முடைய பல்லி என்றுதான் சொல்வேன். பொள்ளாச்சியில் கல்யாண விருந்து முடித்துத் திரும்பும்போது கூனக்கரட்டுப் பக்கம் பைக் பஞ்சர் ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? முதுகு வளைந்து ரோட்டோரம் குனிந்து நிற்கும் வெறும் பாறைக் கரடு. பஞ்சர் ஒட்டுகிறவர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு நான் மேலே ஏறினேன். பாறை இடுக்கின் நிழலில் ஒன்று மஞ்சள் தொண்டையைக் காட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "ஒரு பல்லிக்காவா பொடவையக் கிழிச்சுபோட்டே?" என்று கேட்டு, வீடு வரும்வரை சிரித்தீர்கள். பிறகு முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போனபோது நான் வலையோடு தடுமாற, நீங்கள்தான் வெறுங்கையால் பொத்திப் பிடித்தீர்கள். ஏசிக்குள் கைவிட்டுப் பழகிய கை, அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

சமையலறைச் சுவரில் இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது கேட்டீர்கள். அது சுலபம். வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகலமான பட்டைகள் உண்டு, அதனால் கண்ணாடியில்கூட ஒட்டும். இதற்குப் பட்டை கிடையாது, மெல்லிய விரலும் கூரிய நகமும்தான். வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் கோடாகச் சுருங்கும். இது பகலில் நடமாடுவது, அதனால் கண்மணி நம்முடையது போல வட்டம். இதையெல்லாம் காலேஜ் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொல்லை இந்தப் பல்லியின் உறவுக்காரரால் வந்தது. ஆனைமலைச் சரிவில் இதே ஜாடையில் ஒரு பகல் பல்லி இருக்கிறது, அதற்கு வெள்ளைக்காரர் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்பீர்கள். அதுவேதான் இது, மலையிலிருந்து எப்போதோ இறங்கி வந்திருக்கும், இதற்குப் போய் ஏன் மெனக்கெடுகிறாய் என்றார்கள் பெரியவர்கள். மூன்று வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைக் கொடுத்தேன். ஆனைமலைக்காரருக்கு வயிற்றுச் செதில் ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு மேடு ஓடும், நம்முடையதற்கு வழவழப்பு. ஆண் பல்லியின் தொடையடியில் ஊசியால் குத்தியது போலத் துளைகள் வரிசையாக இருக்கும். அவருக்கு அந்த வரிசை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு அறுபடாமல் போகும், நம்முடையதற்கு நடுவில் விட்டுப்போகும். பெங்களூரில் மரபணுவும் பார்த்தாயிற்று. தனி இனம்தான், சந்தேகமே இல்லை.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. நீங்கள் பிடித்ததற்கு வால் மொழுமொழுவென்று இருந்தது. ஆனைமலைப் பல்லிக்கு வாலில் முள் உண்டு. ஆகா, இன்னொரு வித்தியாசம் என்று குதித்துக்கொண்டு எழுதிவிட்டேன். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அது அறுந்து மறுபடி முளைத்த வால். முளைத்த வாலில் அந்த முள் வராது. திரும்பக் கரட்டில் ஏறி, வால் அறுபடாத பல்லிகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முள் இருந்தது. எழுதியதை நானே அடித்தேன். எனக்குச் சாதகமாக இருந்த பொய்யையே நான் விட்டு வைக்கவில்லை. அப்படிப்பட்டவள் இன்னொருவர் சௌகரியத்துக்காக ஒரு பொய்யை எழுதுவேனா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த இன்னொருவர் எங்கள் கரஸ்பாண்டன்ட் கிருபாசங்கர். பல்லடத்தில் கோழிப் பண்ணையில் தொடங்கிக் காலேஜ் வரை வளர்ந்த குடும்பம். கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, நம்ம காலேஜுக்கே பெருமை என்றார். காலமான தன் அப்பா அங்கப்பன் பெயரைப் பல்லிக்கு வைக்க வேண்டும் என்று கேட்டார். தப்பில்லை, அப்படி வைக்கிற வழக்கம் உண்டு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் மரபு. பெரியவரைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அதோடு நின்றிருந்தால் வைத்துத் தொலைத்திருப்பேன்.

அடுத்து, ஊர்ப் பெயரை விலாவாரியாக எழுத வேண்டாம், மாவட்டம் மட்டும் போட்டால் போதும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூனக்கரட்டைக் காலேஜ் டிரஸ்ட் பெயரில் வாங்கிவிட்டார்கள். பாறையை வெடி வைத்து உடைத்து ஹாஸ்டல் கட்டப் போகிறார்கள். அங்கே மட்டும்தான் இந்தப் பல்லி இருக்கிறது, சுற்றியுள்ள கரடுகளிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் சங்கடப்படவே இல்லை.

"அதுக்கென்னங்க அம்மணி, நம்ம காலேஜ்லயே ஒரு கண்ணாடி ரூம் கட்டி, ஏசி போட்டுக் குடுத்தறலாமுங்க" என்றார்.

பாறைச் சூட்டில் பிறந்ததற்கு ஏசி. அதையும் ஒரு ஏசி மெக்கானிக்கின் மனைவியிடம் சொல்கிறார். சிரித்திருப்பேன், ஆனால் மேஜை மேல் என் பெயருக்கு நிரந்தர வேலை உத்தரவு கையெழுத்தாகி இருந்தது. அதைப் பார்த்தேன். போத்தனூர் ஸ்டேஷன் தெரிந்தது, நீங்கள் பையோடு இறங்குவது தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது.

"ஐயா, உங்க அப்பா பேரை வெச்சுப்போட்டு அதோட ஊட்டை இடிச்சா, அது கல்லறையில எழுதின பேரா ஆயிருமுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவசரம் இல்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். எனக்கு அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

அடுத்து ஜெரோம் சார். என் ஆராய்ச்சியில் வரிக்கு வரி திருத்திக் கொடுத்த மனிதர், எங்கள் துறைத் தலைவர். இடத்தைச் சரியாக எழுதினால் அபூர்வப் பல்லிகளைப் பிடித்து விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள், அதனால் மறைப்பதும் வழக்கம்தான் என்றார். நியாயமான பேச்சு. நானும் இரண்டு நாள் யோசித்தேன். திருடுகிறவன் நாலைந்து கொண்டுபோவான் சார், வெடிமருந்து ஒன்றையும் மிச்சம் வைக்காது என்றேன். அதன்பிறகு அவர், தனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடு என்று கெஞ்சுவது போலக் கேட்டார். எடுத்துவிட்டேன். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயரைப் போட்டிருந்தேன், அதையும் எடுக்கச் சொன்னார். அதை எடுக்கவில்லை. அவருக்குப் பயம் இருக்கலாம், எனக்கு நன்றி இருக்கிறது.

மாமியிடம் சொல்லத்தான் எனக்கு நடுக்கம். பல்லியைக் கண்டாலே துடைப்பத்தை எடுக்கிறவர், மகன் வருவான் என்று உங்கள் அறைக்குப் புதுத் திரை வாங்கி வைத்திருக்கிறவர். வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அவுங்கப்பன் பேரை வெக்கோணும்னா கட்டற ஹாஸ்டலுக்கு வெச்சுக்கட்டும் கண்ணு. படைச்சவன் அதுக்குக் குடுத்த எடத்தை மாத்தி எழுத நீ ஆரு?" என்றார்.

அப்புறம் உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து தோசை சுட்டு வைத்திருந்தார்.

கட்டுரை இந்த வாரம் வெளியாகிவிட்டது. பல்லிக்குக் கூனக்கரடென்சிஸ் என்று பெயர். இனிமேல் உலகத்தில் யார் இதன் பெயரைச் சொன்னாலும் அந்தக் கரட்டைச் சொல்லாமல் வாயை மூட முடியாது. இருக்கும் இடத்தையும் ரோட்டிலிருந்து போகும் வழி உட்பட எழுதிவிட்டேன். பிரதி எடுத்து கலெக்டர் அலுவலகத்திலும் பஞ்சாயத்திலும் கொடுத்தேன். வெடி வைக்கக் கரட்டில் துளை போடுகிற இயந்திரம் இப்போதைக்குச் சும்மா நிற்கிறது. நின்றே போகும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். திரும்ப ஓடினாலும் ஓடும். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. கேட்டால் எந்த மேஜை முன்னாலும் போய் நின்று சொல்வேன்.

அடுத்த பருவத்திலிருந்து வர வேண்டாம் என்று காலேஜில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். பொள்ளாச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் எடுக்கக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் கரடு தெரியும். யாரையும் கேட்காமலேயே அது இருக்கிறதா இல்லையா என்று தினமும் தெரிந்துகொள்ளலாம்.

உங்களுக்குக் கோபம் வந்தால் கோபப்படுங்கள், நான் தாங்குவேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், ஏனென்றால் மறுபடி அந்த மேஜை முன்னால் உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வேன். ஆனால் நீங்கள் வரும் நாளைத் தள்ளிப்போட்டவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷன் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன்.

பல்லியைப் பிடித்தது நானாயிற்றே, என் பெயரை வை என்று போனில் கேலி செய்தீர்கள். வைக்கவில்லை. ஆனால் ஒரு புது இனத்தை எழுதும்போது, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று ஒரே ஒரு பல்லியைக் காட்ட வேண்டும். அது அருங்காட்சியகத்தில் என்றைக்கும் இருக்கும், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல வால் உள்ளதைக் கொடுக்கலாமே என்றார் ஜெரோம் சார். நான் அறுந்து முளைத்த வாலுள்ள அந்தப் பல்லியைத்தான் கொடுத்தேன். அதற்கு நேராக எங்கே பிடித்தது, யார் பிடித்தது என்று அச்சாகியிருக்கிறது: கூனக்கரடு, தாரிக்.

கடை போடக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வரியில் இரண்டு பெயர்தான் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாறை நிற்கும்போதே வந்துவிடுங்கள்.

அல்லாஹ் உங்களை வெயிலிலிருந்தும் உயரத்திலிருந்தும் காப்பானாக.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
யாஸ்மின்.