என் பேரைச் சொல்லி ஜெபிக்காதே

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே பார்த்தாலே தெரியும். போனில் உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். நேரில் வந்தால் கத்திவிடுவேன், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையில் நின்று உன்னிடம் ஒன்று சொன்னேன். ஜெபம் வருவதில்லை என்றேன். முழங்கால் போடுகிறேன், கண்ணை மூடுகிறேன், ஒரு வார்த்தையும் வருவதில்லை. யாரும் சாகவில்லை, வியாதி இல்லை, ஆண்டவர்மேல் கோபமும் இல்லை, ஆனாலும் வாய் கட்டிப்போயிருக்கிறது என்றேன். போதகரிடம்கூடச் சொல்லாததை, கூடப் பிறந்தவள் என்று உன்னிடம் சொன்னேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு "சரியாயிடும்டி, விடு" என்றாய். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே பெண்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டாய். "என் தங்கச்சி விசுவாசத்துல தளர்ந்துபோயிருக்கா, எல்லாரும் பேர் சொல்லி ஜெபம் பண்ணுங்க." ஸ்கூலில் அட்டென்டன்ஸ் எடுக்கும் அதே குரலில் சொன்னாயாம். நான் அப்போது கடையில் யாருக்கோ மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கடைக்குச் சபையார் வரத்து அதிகம். கண்ணாடியில் ஸ்க்ரூ லூசாகிவிட்டது என்று வருகிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஸ்க்ரூ கல்லுமாதிரி இருக்கிறது. முதலில் வந்தது உங்கள் பெண்கள் கூட்டத்துச் செயலாளர், நம் குக்கர் அக்காதான். "ஸ்ஸ்ஸ்தோத்திரம்" என்று விசில் விட்டுக்கொண்டு, கஸ்டமர் நடுவே என் தலையில் கை வைத்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது பெருசா?" என்று கேட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஞாயிறு பள்ளியில் என் சின்ன வகுப்பை எடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்." மூக்கு ஒழுகிக்கொண்டு மடியில் வந்து உட்காரும் அந்தப் பிள்ளைகள்தான் எனக்கு மிச்சமிருந்தது. அதையும் பிடுங்கிவிட்டாய்.

தங்கை

பிப்ரவரி 13

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். நீ விசாரிக்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் உனக்குத்தான் அசிங்கம். அக்காவுக்கு இப்படியா எழுதுவார்கள்? சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் மூக்குநுனியில்தான் இருக்கும், இன்னும் இறங்கவில்லை.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே போய் யாருக்கும் தெரியக்கூடாது என்று படுத்துக்கொள்வோமா? உனக்கு ஒரு குறை வந்தது, சபையில் சொன்னேன். அத்தனை பேரும் உனக்காக முழங்கால் போட்டார்கள். இதில் உனக்கு என்ன குறைந்துபோனது? வேறொருத்தியாக இருந்தால் நன்றி சொல்லியிருப்பாள்.

வகுப்பு விஷயம் கமிட்டி எடுத்த முடிவு. நான் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தனக்கே ஜெபம் வராதவள் பிள்ளைகளுக்கு என்ன ஜெபம் சொல்லிக்கொடுப்பாள்?

என்னைத் திட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள். உனக்காக ஜெபிக்காமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. உன்னை இவ்வளவு தூரம் விழாமல் நிறுத்தியது எது என்று நீயே யோசி.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் அக்கா

பிப்ரவரி 17

டீச்சரம்மாவுக்கு,

சபையில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

கடைசி ஞாயிறு அந்த வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு வாண்டு கேட்டது, "மிஸ், சாமிக்குக் காது வலிச்சா என்ன பண்ணுவாரு?" எனக்குத் தெரியாது என்றேன். "நான் கேட்டுச் சொல்றேன்" என்று அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. என் சொந்த வாயில் ஒன்றும் வராத நாட்களில் அதுகள் செய்யும் ஜெபத்துக்கு ஆமென் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு ஆமெனில்தான் காலம் தள்ளினேன். அது உனக்குச் சரியென்று படவில்லை, அப்படித்தானே?

என்னை விழாமல் நிறுத்தியது உன் ஜெபம் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அந்தக் கடன் எனக்கு வேண்டாம். இனிமேல் என் பேரைச் சொல்லி ஜெபிக்காதே. மைக்கில் கூடாது, வீட்டில் கூடாது, மனசுக்குள்ளும் கூடாது. என் பேர் உன் ஜெபத்தில் இருக்கும்வரை நான் அந்த சர்ச் வாசலை மிதிக்கப்போவதில்லை. தைரியம் இருந்தால் வாக்குக் கொடு.

இப்படிக்கு,
விசுவாசத்தில் தளர்ந்தவள்

பிப்ரவரி 19

தங்கைக்கு,

கொடுத்துவிட்டேன். உன் பேரை எடுத்தாகிவிட்டது. சொன்ன சொல்லை நான் மீறுகிறவள் இல்லை என்று உனக்கே தெரியும்.

இதை நினைத்து நீ அழப்போகிற நாள் வரும். அன்றைக்கும் நான் வந்து கண்ணீர் துடைப்பேன் என்று எதிர்பார்க்காதே.

நீ இங்கே விட்டுப்போன குடையை உன் கேட்டில் மாட்டிவிட்டேன். இனி வர ஒரு சாக்கும் இல்லை.

அக்கா

மார்ச் 12

தங்கைக்கு,

நீ பதில் போடுவாய் என்று எழுதவில்லை. உன்னிடம் எழுதாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கோபம் எனக்கும் ஆறவில்லை. இதற்கெல்லாம் காரணம் நீதான்.

நீ தொட்டிலில் கிடந்தபோது மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்துப்போனாய். அம்மா என்னை இழுத்து முழங்கால் போட வைத்து, "தங்கச்சியக் காப்பாத்தும்னு சொல்லு" என்றாள். நான் செய்த முதல் ஜெபம் அது. அப்போது எனக்கு வேறு எதையும் கேட்கத் தெரியாது. அதிலிருந்து எந்த ஜெபம் என்றாலும் முதலில் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாலும் யாருக்கும் கேட்காமல் உன் பேரை மனசுக்குள் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சத்தமாக ஆரம்பிப்பேன். நீ தடை போடும்வரை நானே இதைக் கவனித்ததில்லை.

இப்போது ஆரம்பிக்க முடியவில்லை. வீட்டில் முழங்கால் போட்டால் வாயில் முதலில் வந்து நிற்பது நீ. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று விழுங்குகிறேன். விழுங்கினால் பின்னால் இருப்பதும் சேர்ந்து போய்விடுகிறது. உன் அத்தானுக்காக, பிள்ளைகளுக்காக, ஒன்றுக்கும் வருவதில்லை. சாப்பாட்டு ஜெபத்தைக்கூட அவர்தான் சொல்கிறார்.

முந்தின வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து "எங்கள் அன்பின் பரம பிதாவே" என்றேன். அதோடு நின்றுவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. போதகரம்மா ஒரு பாட்டை எடுத்து என்னைக் காப்பாற்றினார்கள்.

நேற்றைய கூட்டத்தில் குக்கர் அக்கா எழுந்து ஜெபக்குறிப்பு வாசித்தது. "நம்ம டீச்சரம்மா விசுவாசத்துல தளர்ந்துபோயிருக்காங்க, பேர் சொல்லி ஜெபம் பண்ணுவோம்." நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள். எழுந்து ஓடிவிடலாம் போல அவமானமாக இருந்தது. நீ எழுதியதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். உனக்குச் செய்தது தப்பு. வகுப்பைப் பற்றி எழுதினேனே, அது அதைவிடத் தப்பு.

இனி கூட்டத்துக்குப் போகப்போவதில்லை. தலைவி பொறுப்பையும் விட்டுவிடுகிறேன் என்று போதகரிடம் சொல்லப்போகிறேன். வாக்கைத் திருப்பிக் கொடு என்று உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்கிற யோக்கியதை இல்லை.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் குக்கர் அக்கா கடைக்கு வந்தது. மறுபடியும் ஸ்க்ரூ. குரலை இறக்கிக்கொண்டு, "உங்க அக்காவுக்காக நீயும் ஜெபம் பண்ணணும்மா. பாவம், உன்னை மாதிரியே ஆயிட்டாங்க. வெளியில ஒரு மாதிரி, உள்ள ஒரு மாதிரி இருந்திருக்காங்க போல" என்றது.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "யாரைச் சொல்றீங்க? எங்க அக்காவையா?" என்றேன். "மழையில எல்லாரும் வீட்டுல படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரி வார்டுல படுக்கை படுக்கையா நின்னு ஜெபம் பண்ணினது யாரு? உங்க வீட்டுக்காரர் கிடந்தப்ப கஞ்சி கொண்டுவந்தது யாரு? அவளை நான் திட்டுவேன், எனக்கு உரிமை இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது கண்ணாடியைக்கூட வாங்காமல் போய்விட்டது.

உள்ளே போய் லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் போட்டேன். கை வேலை செய்கிறது, வாய் நிற்கவில்லை. "பாத்தீரா? நீரே பாத்தீரா இந்தப் பொம்பளையை? எங்க அக்காவைப் பத்திப் பேச இவ யாரு? நான்தான் அவ வாயைக் கட்டிட்டேன், ரோஷத்துல கட்டிட்டேன். நீர் ஏன் சும்மா இருந்தீர்? அவ முன்வரிசையில தனியா உட்கார்ந்திருந்தாளே, அப்ப நீர் எங்க இருந்தீர்? அவளை விட்டுடாதீர், அவளுக்கு உம்மை விட்டா வேற ஒண்ணும் தெரியாது." இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. அழுகை வேறு. லென்ஸ் தேய்ந்து தேய்ந்து பிரேமில் வைத்துப் பார்க்கையில் நிற்காமல் கீழே விழுந்தபோதுதான் மெஷினை நிறுத்தினேன். இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அழகான ஜெபம் இல்லை. பாதி சண்டை, பாதி புகார். ஆனால் இத்தனை மாதம் கழித்து வந்ததே, அது போதும் எனக்கு. நேற்றும் வந்தது, கொஞ்சமாக. இன்று காலை வரவில்லை. வராவிட்டால் பரவாயில்லை என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொறுப்பை விடாதே. ஓடிப்போனால் குக்கர் அக்கா சொன்னது நிஜமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் பக்கத்தில் உட்காருவேன், ஆனால் பேசமாட்டேன். என் சின்ன வகுப்பைத் திரும்ப வாங்கித் தரவேண்டியது நீ. அதை வேண்டுமானால் மைக்கிலேயே சொல்.

வாக்கை நீ கேட்கவில்லை, நானே திருப்பித் தருகிறேன். என் பேரைச் சொல்லி ஆரம்பி, அக்கா. மனசுக்குள் சொன்னால் போதும்.

இன்னும் கோபமாக இருக்கும்,
உன் தங்கச்சி