பெரியவருக்கு ஒரு விழா

மார்ச் 4
இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஆராய்ச்சி நிலையத்துக்கு வெள்ளி விழாவாம்.

"சிஸ்டர், இது பொது ஆஸ்பத்திரியா இருந்த காலத்து ஆள் நீங்க ஒருத்தர்தான் மிச்சம். பழைய கதையைக் கொஞ்சம் பேசுங்க. பெரியவர் மனசு குளிரணும்."

பெரியவர் என்றால், ஆஸ்பத்திரியை மூடி ஆராய்ச்சி நிலையமாக்கியவர். புதுக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்போகிறார்கள். பேசுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே.

மார்ச் 5
மனசு குளிரணுமாம்!

மார்ச் 9
இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அவசரப் பிரிவை மூடிய மறுநாள்தான் என் தம்பிக்கு மூச்சு இழுத்தது. அம்மா ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். நான் மாடியில் கட்டில்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன் உருளைகள் லாரிக்காக வராந்தாவிலேயே நின்றன. வாசலில் பெரியவரே மறித்தாராம்: "ஒருத்தரை விட்டா எல்லாரும் வருவாங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா."

போகிற வழியில், பாலத்தின் மேல்...

இத்தனை வருஷம் ஏன் இங்கேயே கிடந்தேன்? சம்பளத்துக்கா? இல்லை. இப்படி ஒரு நாள் வராதா என்றுதான்.

மார்ச் 15
விழாவில் என்ன பேசப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மனுஷனால நடக்கக்கூட முடியலையாம். விட்டுத் தொலையேன்டி."

"நீ விட்டுட்டியாம்மா?"

துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

மார்ச் 20
பேசிவிட்டேன். ஆட்டோ, வாசல், வராந்தா உருளைகள் — ஒன்று விடாமல். பாதியில் மைக்கை அணைத்தார்கள். வார்டு முழுக்கக் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை இது, மைக் எதற்கு?

முன்வரிசையில், சக்கர நாற்காலியில் பெரியவர். "எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றார்.

அதுதான் தாங்கல. ஒரு உசுருய்யா! வாசல்ல நின்னு விரட்டினது மறந்து போச்சா?

"இனிமே மறக்காது, சார்" என்று சொல்லி இறங்கினேன். அவர் பக்கத்திலிருந்த மகளின் கையைப் பற்றிக்கொண்டார். பார்க்க நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 23
செய்தித்தாளில் வந்துவிட்டது. இயக்குநர் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஏப்ரல் 30
புதுக் கட்டடத்தில் பெரியவரின் பெயர்ப் பலகை இன்னும் ஏறவில்லை. வாசலையொட்டிய அறையில் இரண்டு கட்டில், ஆக்சிஜன் எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஊர் வாயை அடைக்கத்தான். இருந்தாலும் பொறுப்பு என்னிடம். இன்று காலை ஒரு தையல்காரர் மூச்சுத் திணறி வந்தார்.

அவருக்கு முகமூடி மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவரின் மகள் போன் செய்தாள். "அப்பா தூங்கவே மாட்டேங்கறார் சிஸ்டர். உங்களைப் பார்க்கணும்னு அழறார். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்."

"இங்க ஆள் படுத்திருக்காங்கம்மா. வர முடியாது" என்று வைத்துவிட்டேன்.

மதியம் தையல்காரர் எழுந்து, நடந்தே வீட்டுக்குப் போனார்.