நாங்கள் போட்ட வேகத்தடை

பிப்ரவரி 8
எதிர்க்கடைக்குப் போன பூமாரி அக்காவை டிரெய்லர் உரசித் தள்ளியது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நடைபாதை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் நிற்கின்றன. மனிதர்கள் நடுரோட்டில் நடக்கிறோம். மனு கொடுத்தால், இந்தச் சாலையில் வேகத்தடை போட விதி இல்லையாம். சாவதற்கு மட்டும் விதி இருக்கிறது.

பிப்ரவரி 9
போட்டுவிட்டோம்! கான்கிரீட் வண்டிக்காரரிடம் கூட்டாளி டில்லிபாபு மீந்த கலவையைக் கேட்டு வாங்கினான். "இன்னா மாமு, மலை கட்டிகினு கீறே?" என்று சிரித்தான். உயரமாகத்தான் கட்டினேன். டிரெய்லருக்கு வலிக்க வேண்டாமா? வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது என் பொறுப்பு.

பிப்ரவரி 11
காய்ந்துவிட்டது. மறித்து வைத்த கற்களை எடுத்தோம். டிரெய்லர்கள் தடதடவென்று குதித்துப் போகின்றன, வேகம் குறைந்த மாதிரி தெரியவில்லை. சாயங்காலம் மேட்ச். பெயிண்ட் நாளைக்கு.

பிப்ரவரி 12
பின்தெரு அலி அக்பர் ஸ்கூட்டரில் அம்மாவை வைத்துக்கொண்டு வந்தான். இருட்டுகிற நேரம், தெருவிளக்கு எரியவில்லை. மேட்டில் ஏறி இறங்கியபோது பதுருன்னிசா அம்மா பின்னால் விழுந்தார். அந்தச் சத்தம் —
நான்தான் ஆட்டோ பிடித்தேன். நல்ல பையன் என்றார்கள். த்தூ.

பிப்ரவரி 13
போலீஸ் வந்து கேட்டது. மேட்டை யார் போட்டார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். "அவன் ஸ்பீடா வந்தான், அவ்ளோதான். நீ கம்முனு கெட நைனா" என்றான் டில்லிபாபு.
அலி அக்பர் மெதுவாகத்தான் வந்தான். நான் பார்த்தேன்.

பிப்ரவரி 16
பதுருன்னிசா அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. மறுபடி நடப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மகன் வேகமாக ஓட்டியதாக எல்லாரும் சொல்ல, அந்த அம்மாவும் நம்பிவிட்டார். அவனிடம் பேசுவதில்லை.
டீக்கடையில் அலி என்னிடமே வந்து கேட்டான்: "மாமு, நீ அங்கதானே இருந்தே? நான் ஸ்பீடாவா வந்தேன்?"
டீயைக் குடித்தேன்.
இன்னா ஜென்மம்டா நீ? லாரிக்காரனைத் திட்ட மட்டும் வாய் கீதா?

பிப்ரவரி 18
கடப்பாரையோடு போனேன். "ரோட்டத் தாண்டறது நாங்கடா! நாளைக்கு எவனாவது வண்டிய ஏத்துனா நீ வந்து தூக்குவியா?" என்று பூமாரி அக்கா கத்தினார். அவர் கேட்டது நியாயம்தான். உடைத்தேன். டில்லிபாபு தள்ளி நின்று பார்த்தான், கை கொடுக்க வரவில்லை.

பிப்ரவரி 19
ஸ்டேஷனில் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அலி அக்பர் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், பதுருன்னிசா அம்மாவிடம் சொன்னேன்: மேடு நான் போட்டது. பெயிண்ட் அடிக்காமல் மேட்ச் பார்த்தது நான். இவன் மெதுவாகத்தான் வந்தான்.
அவர் வாசலைக் கைகாட்டினார்.
"வெளிய போ."
போனேன். கதவைத் தாண்டும்போது உள்ளே அவர் குரல் கேட்டது. "அலி... இன்னாடா சாப்ட்டே?"