ஊர்வலத்தில் அம்மாவின் பேருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். இதைப் போனில் சொல்ல முடியாது; இந்த வீட்டில் நான் தும்மினாலே அவளுக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நகரத்தின் இருநூறாவது ஆண்டு ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று ஊரை நடத்துகிறவர்கள் எல்லோரும் முதல் தடவையாக ஒன்றாகப் போனார்கள். மேயர் ஏறிய பேருந்தை அம்மா ஓட்டினாள். டிப்போவில் அத்தனை ஆண்கள் இருக்க அவளைத் தேர்ந்தெடுத்ததில் சிலருக்கு வயிற்றெரிச்சல். அவளோடு வேலை செய்யும் கண்டக்டர் அக்கா மட்டும், "பழக்க தோஷத்துல ஸ்டாப் வந்ததும் மேயரை இறக்கி விட்டுடாதீங்க" என்று கிண்டல் செய்தாராம்.

புறப்படும்போது அம்மா, "மருந்துக்கடை வாசல்ல நில்லுடி. அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கோ, பாத்ததும் ஹாரன் அடிக்கிறேன்" என்றாள். நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி முதல் வரிசையில் நின்றேன். பேருந்து நடைவேகத்தில் வந்தது. மேயர் வியர்த்து வழிய இரண்டு பக்கமும் கையசைத்தார். அம்மா என்னைத் தாண்டிப் போய், பழச்சாறுக் கடை முன்னால் மஞ்சள் உடுப்பில் நின்ற ஒருத்தியைப் பார்த்துச் சிரித்து ஹாரன் அடித்தாள். அந்தப் பெண்ணுக்கு என்னைப் போல இரண்டு மடங்கு வயதிருக்கும். மேயரின் மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அவ்வளவு கூட்டத்துலயும் என் பொண்ணைக் கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா" என்றாள். ஆமாம்மா என்றேன்.

கொஞ்ச நாளாக எதிரே வரும் பேருந்தின் எண்ணைக்கூட அம்மா தன்னிடம் கேட்பதாகக் கண்டக்டர் அக்கா முன்பே சொல்லியிருந்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். டிப்போவில் கண் பரிசோதனைக்கு முன்னால், போய் வந்தவர்களிடம் பலகையில் இருக்கும் எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்வது எல்லோருக்கும் வழக்கம். இந்த முறை அம்மா சமைத்துக்கொண்டே அந்த எழுத்துகளை முணுமுணுத்தாள். பாட்டு என்று நினைத்துவிட்டேன்.

ஊர்வலத்தில் ஓட்டியதற்காக டிப்போவில் கொடுத்த விடுப்பு மாதக் கடைசியில் முடிகிறது. அதன் பிறகு அவளுக்குப் பள்ளிக்கூட வழித்தடம். காலையில் அந்தப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற அழகு உனக்கே தெரியும்.

கண்ணாடி போட்டால் போதுமா, ஸ்டியரிங்கையே விட வேண்டியிருக்குமா, எனக்குத் தெரியவில்லை. அந்த இருக்கை இல்லாமல் அம்மா எப்படி இருப்பாள் என்றும் தெரியவில்லை. நான் சொன்னால் உடைந்துபோவாள். நீ சொன்னால் திட்டுவாள்; திட்டி முடித்துவிட்டு டாக்டரிடம் போவாள். ஊர்வலத்தில் நடந்ததை மட்டும் சொல்லாதே. அது அவள் நினைத்தபடியே இருக்கட்டும்.

நீ பேசியும் கேட்காவிட்டால் டிப்போ மேலாளரிடம் நானே போவேன். அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனாலும் போவேன். அந்த இடத்துக்கு என்னைத் தள்ளிவிடாதே அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் தங்கை